வாசல்மாடத்துக் கணப்பு

கெல்டன் கோட்டையை இடிக்கச் சொல்லி ஊர் போட்ட மனுவில் தாமசின் ராக் என்ற பெண்ணைக் குறி போட வைத்தவள் நான். இப்போது வெளியூர்க் கனவான்கள் காகிதமும் கரிக்கோலுமாக வந்து, மேட்டில் மிச்சம் நிற்கிற ஒன்றரைச் சுவரைப் படம் வரைகிறார்கள். வரைந்து களைத்தால் என் பீர்க்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, கட்டியது யார், முற்றுகை போட்டது யார் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நார்மன் பிரபு கட்டினார். அவர் பேரன் கிணறு வெட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த ஒருத்தன் பெரிய கோபுரத்துக்கு ஈயத்தால் கூரை போட்டான், அதே கூரையில் ஏறி நிலவு பார்க்கும்போது விழுந்து செத்தான். இப்படிக் கதை நிறைய உண்டு. இடித்தது யார் என்று கேட்டால் மட்டும் "பார்லிமென்ட் சேனைங்க" என்று சொல்லிவிட்டுக் குவளையைக் கழுவப் போய்விடுவேன்.

அது பொய். இடித்தது நாங்கள். கெஞ்சிக் கேட்டு, மனுப் போட்டு, அனுமதி வாங்கி இடித்தோம்.

தாமசின் குடியிருந்த வீடு கோட்டை மேட்டுக்குக் கீழே, ஆற்றுப் பக்கம் இருந்தது. ஒரு அறை, ஒரு பரண், வெங்காயமும் முட்டைக்கோசும் போடுகிற ஒரு பாத்தி, ஊர்ப் புல்வெளியில் ஒரு பசு மேய்க்கிற உரிமை. அதற்கு அவள் வாடகை ஒன்றும் கொடுப்பதில்லை. பதிலுக்கு ஒரு வேலை இருந்தது. கோட்டை நுழைவாசலுக்கு மேலேயும் பக்கத்திலுமாகக் காவல்காரர்கள் இருக்கிற வாசல்மாடம் இருந்ததல்லவா, அதில் ஒரு பெரிய கணப்பு. அந்தக் கணப்பில் நெருப்பு அணையாமல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டைக்குள் வேலை செய்கிறவன் எவன் வந்து தணல் கேட்டாலும் இல்லையென்று சொல்லாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். கணப்பு எரிகிற வரை வீடு அவளுக்கு, அவளுக்குப் பிறகு அவள் மருமகளுக்கு. கோட்டையையும் நிலத்தையும் சேர்ந்த பண்ணை ஏட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. எத்தனையோ தலைமுறையாக மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு இடுக்கி மாறிக்கொண்டே வந்தது. தாமசினுக்கு அது கைக்கு வந்தபோது வயது பத்தொன்பது. அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் ஒரு நாள் அணைந்ததில்லை. பிள்ளை பெற்ற அன்றைக்கும் புருஷனை அனுப்பி விறகு போட வைத்தவள்.

அவளைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. குட்டையானவள். புருவம் பாதி கருகிப் போயிருக்கும். பக்கத்தில் வந்தால் புகை வாசனை முதலில் வரும், பிறகுதான் அவள் வருவாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் விறகைப் பற்றித்தான் பேசுவாள். ஓக் நின்று எரியும், பிர்ச் ஆட்டம் போட்டுவிட்டு அடங்கிவிடும், எல்ம் மரம் சோம்பேறி என்பாள். "உம் புருஷன் ஹம்ஃப்ரி எல்ம் கட்டை மாதிரிடி, வெறும் புகைதான்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். நான் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தேன். ஹம்ஃப்ரி சிரிக்கவில்லை.

ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் சண்டை வந்தபோது கோட்டை ராஜா பக்கம் நின்றது. ஊரை யாரும் கேட்கவில்லை. கடைசி முற்றுகை வந்தபோது கோட்டைக் கதவை அடைத்தார்கள். தாமசின் உள்ளே மாட்டிக்கொண்டாள். சின்ன மகன் எட்மண்டும் உள்ளே இருந்தான், சமையல்கட்டில் வேலை. புருஷன் கத்பர்ட்டும் பெரிய மகன் ரால்ஃபும் வெளியே. பார்லிமென்ட் சேனைக்காரர்கள் ரால்ஃபைப் பிடித்துக்கொண்டு போய்க் கோட்டையைச் சுற்றிப் பள்ளம் தோண்ட விட்டார்கள். கத்பர்ட் எங்கள் தெருவில் பீருக்கு முளைகட்டிய பார்லி வைக்கிற மால்ட் கிடங்கில் பதுங்கியிருந்தபோது குண்டு விழுந்து உத்தரம் சரிந்தது, இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று. எட்மண்ட் காய்ச்சலில் போனான். ரால்ஃப் பள்ளத்திலிருந்து மண்ணைத் தூக்கிப் போட நிமிர்ந்தபோது கோட்டை மதிலிலிருந்து சுட்டார்கள்.

அந்த மதிலில் நின்ற சிப்பாய்கள் தங்கள் துப்பாக்கித் திரியைப் பற்ற வைத்துக்கொள்வது வாசல்மாடத்துக் கணப்பில்தான். தினமும் காலையில் வரிசையாக வருவார்கள். அவள் இடுக்கியால் தணலெடுத்து நீட்டுவாள். ரால்ஃப் செத்த சேதி அவளுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பத்து நாளும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

கோட்டை பணிந்து கதவு திறந்தபோது ஊரில் பாதிப் பேருக்கு வீடு இல்லை. மூன்றாவது முற்றுகை அது. இந்தக் கோட்டை நிற்கிற வரை யாராவது உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான், யாராவது வெளியே வந்து சுடுவான், நடுவில் நாம் சாக வேண்டும் என்று எல்லோரும் பேசினோம். கோட்டையை அடியோடு இடிக்கும்படி பார்லிமென்டுக்கு மனு எழுதினார் எங்கள் பாதிரியார். அதை என் கடை மேசையில்தான் விரித்து வைத்தார்கள். வீட்டுப் பொறுப்பு பெண்பிள்ளை பேரில் இருந்தால் அவளும் குறி போடலாம் என்றார்கள். நான் ஓடிப்போய்த் தாமசினைக் கூட்டி வந்தேன்.

"எனக்கு எதுக்குடி மார்ஜரி இதெல்லாம்" என்றாள்.

"எதுக்கா? ரெண்டு புள்ளைய முழுங்கின கோட்டை அது. நீ போடாம வேற யாரு போடுவா?"

அவள் பேனாவை வாங்கினாள். எழுதத் தெரியாதவர்கள் சிலுவை போடுவார்கள், தச்சன் கோடாலி போடுவான். அவள் இடுக்கி போட்டாள். மேலே சேர்ந்து கீழே விரிகிற இரண்டு கோடு. போட்டுவிட்டு, "ஒரு கல்லு மேல ஒரு கல்லு நிக்கக் கூடாது" என்றாள்.

அவள் வீட்டைப் பற்றி எங்களில் ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. இதை இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கோட்டை என்றால் எங்களுக்குப் பீரங்கி, சிப்பாய், பெரிய கோபுரம். வாசல்மாடம் என்றால் தாமசினுடைய கணப்பு, மழைக்கு ஒதுங்குகிற இடம், ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொள்கிற இடம். இரண்டும் ஒரே சுவரால் கட்டியது என்பது எங்கள் தலையில் ஏறவேயில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அவள் செய்தாள். கையைப் பிடித்துச் செய்ய வைத்தது நான்.

ராஜாவின் தலை போன அதே வருஷம், ஏப்ரலில் உத்தரவு வந்தது. ஊர் மணி அடித்தோம். நான் ஒரு பீப்பாய் பீரைச் சும்மா ஊற்றினேன். முதலில் ஈயக் கூரையைப் பிரித்தார்கள், பிறகு உத்தரங்கள், பிறகு மதில். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஊரே தள்ளுவண்டியோடு மேடேறியது. பன்றித் தொட்டிக்கு ஜன்னல் வளைவு, கோழிக் கூண்டுக்குப் பிரபுவின் படுக்கையறைக் கதவு. தாமசினும் தினமும் மேடேறினாள், விறகோடு. காவல்காரன் ஒருத்தன்கூட இல்லாத வாசல்மாடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

கோட்டையும் நிலமும் யாரோ லண்டன்காரருக்கு விலையாயிற்று. அவரை நாங்கள் பார்த்ததேயில்லை. அவருடைய காரியஸ்தர் ஒபதியா ஸ்ட்ரூட் என்று ஒருவர் வந்தார். கறுப்புக் கோட்டு, சுத்தமான நகம், கெட்ட வார்த்தை பேசாத வாய். மே மாதம் அவர் தாமசின் வீட்டு வாசலில் வந்து நின்று ஏட்டைப் பிரித்து வாசித்தார். நான் அப்போது கத்பர்ட்டுக்குப் பட்டாணிக் கஞ்சி கொண்டு போயிருந்தேன்.

"கணப்பு எரியற வரைக்கும்னு போட்டிருக்கு. சரிதானேம்மா?"

"ஆமாங்க அய்யா. எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"இருக்கட்டும். வாசல்மாடம் கடைசியா இடிப்பாங்க, கல்லு வண்டியெல்லாம் அது வழியாத்தான் போகணும். அது வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் வீட்டக் காலி பண்ணிடுங்க."

அவர் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வைக்கோல் படுக்கையில் கிடந்த கத்பர்ட், "யாரு புள்ள அது, என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் போட்ட குறிய அழிச்சிடலாமா மார்ஜரி?" என்றாள்.

மனு லண்டனுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவள் அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். பாதிரியாரிடம் போனாள், அவர் ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். இரண்டு நாள் நடந்து நீதிபதி ஒருவர் வீட்டுக்குப் போனாள். பின்வாசலில் அரை நாள் நிற்க வைத்து, இது ஊர் மன்றத்தில் பேச வேண்டிய வழக்கு என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது செருப்பு பிய்ந்து காலில் துணி சுற்றியிருந்தாள். அவள் போன நான்கு நாளும் கணப்பை நான் பார்த்துக்கொண்டேன். நெருப்பு பிடிவாதம் பிடித்தது. வலது பக்கம் எவ்வளவு விறகு அடுக்கினாலும் கருகி நின்றுவிடும். எப்படியோ ஊதி ஊதி அணையாமல் வைத்திருந்தேன். வந்ததும் முதல் வேலையாக மேடேறிப் பார்த்தாள். "அணையல" என்றாள். அவ்வளவுதான் அவள் எனக்குச் சொன்ன நன்றி.

ஜூனில் வாசல்மாடத்துக் கூரையையும் பிரித்துக்கொண்டு போனார்கள். மழை நேராகக் கணப்பில் இறங்கியது. எங்கிருந்தோ ஒரு பழைய இரும்புக் கதவைத் தேடி இழுத்து வந்து மேலே சாய்த்து வைத்து, அதன் கீழே தானும் குந்திக்கொண்டாள். மேடேறுகிற வாலிபர்களுக்கு அது வேடிக்கை.

"என்ன தாமசினக்கா, யாரு வர்றாங்கன்னு குளிர் காய வச்சிருக்க? ராஜா தலையில்லாம வருவாரா?"

"நீ வாடா. உனக்குத்தான் உள்ள தலை இல்ல. பாவம், குளிரும்."

சிரிப்பார்கள், போய்விடுவார்கள். அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

இடிக்கிற வேலைக்கு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து பன்னிரண்டு ஆட்களைக் கொண்டு வந்திருந்தார்கள். மேஸ்திரி பெயர் மைல்ஸ். சுவரின் அடியில் தோண்டி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, நடுவில் சுள்ளியும் பன்றிக் கொழுப்பும் அடைத்துத் தீ வைப்பார்கள். கட்டை எரிந்து தீர்ந்ததும் மேலே இருக்கிற சுவர் உட்கார்ந்துவிடும். அந்தத் தீயை எங்கே வாங்குவது? கோட்டைக்குள் வேலை செய்கிறவர்கள் தணல் வாங்குகிற இடம் ஒன்றுதானே உண்டு. மைல்ஸ் மண்வெட்டியில் வாங்கிக்கொண்டு போவான். வடக்கு மதில் அவள் கொடுத்த தணலில் விழுந்தது. கிணற்று மாடம் விழுந்தது. பெரிய கோபுரம் ஜூலையில் விழுந்தபோது என் கடையில் ஒன்பது குவளை உடைந்தது. ஊரெல்லாம் சுண்ணாம்புத் தூசி. நான் அந்தத் தூசிக்குள் மேடேறிப் போனபோது அவள் கணப்பின் மேல் குப்புறக் கவிழ்ந்து, இடுப்பில் கட்டியிருந்த துணியால் தூசி விழாமல் மறைத்துக்கொண்டிருந்தாள். துணி கருகிக்கொண்டிருந்தது.

"விடுக்கா. கையச் சுட்டுக்கப் போற."

"எம் புருஷன எங்கடி தூக்கிட்டுப் போவேன்?" என்றாள். "திருப்பிப் படுக்க வச்சாலே கத்துறாரு. எங்க தூக்கிட்டுப் போவேன், சொல்லு."

என் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு இருந்தது. அங்கே வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஹம்ஃப்ரி சம்மதிக்க மாட்டான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவனிடம் கேட்கவேயில்லை.

மைல்ஸ் நல்லவன்தான். வாசல்மாடத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டான். மழை என்றான், கட்டை ஈரம் என்றான், ஆளுக்குக் காய்ச்சல் என்றான். செப்டம்பர் முதல் வாரம் சாக்குகள் தீர்ந்துபோயின. அடியில் தோண்டி முட்டுக் கொடுத்தாயிற்று. கணப்பு இருந்த தளத்துக்கு நேர் கீழேயே சுள்ளி அடைத்தாயிற்று. அன்று காலை ஸ்ட்ரூட் இரண்டு சாட்சிகளோடு வந்து நின்றார். சாட்சிகளில் ஒருத்தன் என் புருஷன்.

மைல்ஸ் தன் பையிலிருந்து சிக்கிமுக்கிக் கல்லை எடுத்தான். "நானே பத்த வச்சுக்கிறேங்க. அந்த ஆத்தாவ எதுக்கு."

"வேணாம்" என்றார் ஸ்ட்ரூட். "ஏட்டுல இருக்கற வழக்கம் இருக்கு. கோட்டை வேலைக்கு ஆள் தணல் கேக்கணும், இவங்க குடுக்கணும். கேளுப்பா."

அவருடைய கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. கொடுக்கமாட்டேன் என்று அவள் சொன்னால் வேலையில் தவறினாள் என்று வீடு அன்றைக்கே போகும். கொடுத்தால் கணப்பே போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மைல்ஸ் தலையைக் குனிந்துகொண்டு மண்வெட்டியை நீட்டினான். "தணல் வேணும் ஆத்தா. மன்னிச்சுக்க."

தாமசின் என்னைப் பார்த்தாள். என்ன செய்யட்டும் என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கு வாய் எப்போதும் நீளம், ஊருக்கே தெரியும். அன்றைக்கு மைல்ஸின் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி இடுக்கியை எடுத்து, நல்ல ஓக் தணலாகப் பொறுக்கி, சாம்பலைத் தட்டி, ஐந்து துண்டு மண்வெட்டியில் வைத்தாள்.

"கேட்டாங்க, குடுத்தேன்" என்று ஹம்ஃப்ரியிடம் சொன்னாள். "பாத்துக்கிட்டீங்கள்ல? அணையவும் இல்ல, இல்லேன்னும் சொல்லல. மன்றத்துல சொல்லணும்."

"சொல்றேன்" என்றான் ஹம்ஃப்ரி.

பிறகு அவள் ஒரு இரும்புச் சட்டியில் தனக்குக் கொஞ்சம் தணல் வாரிக்கொண்டு இறங்கி வந்தாள். நாங்கள் புல்வெளியில் நின்றோம். நடுப்பகலுக்கு மேல் வாசல்மாடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. கடைசி வரைக்கும் அதன் புகைபோக்கியிலிருந்து அவள் கணப்புப் புகை வந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. செப்டம்பர் கடைசியில் கூடுகிற ஊர் மன்றம். காரியஸ்தர் என்னதான் வாசித்தாலும், வழக்கம் எது என்று தீர்ப்புச் சொல்வது ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் அவள் கணப்பில் குளிர் காய்ந்தவர்கள். அவர்களுக்குத் தலைவன் ஹம்ஃப்ரி. "அவ அணைக்கல, இடிச்சது பண்ணை, அதனால வீடு அவளுக்கே. இத ஒருத்தன் மறுக்க முடியாது" என்று அவனே என்னிடம் சொன்னான். நான் கத்பர்ட்டிடம் போய்ச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மன்றத்துக்கு முதல் நாள் ஒரு மாட்டுவண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. குண்டு விழுந்து இடிந்த எங்கள் புகைபோக்கியைக் கட்டுவதற்குக் கல். மேலாக, வைக்கோல் பரப்பி, ஆறடி நீளத்துக்கு ஒரு கணப்புக் கல். வலது ஓரத்தில் ஒரு வெடிப்பு. முன்விளிம்பு தாமசினும் அவளுக்கு முந்தியவர்களும் கத்தி தீட்டித் தீட்டிக் குழிந்து போயிருந்தது.

"யாரு அனுப்பினது?" என்று கேட்டேன்.

"காரியஸ்தர்தான். ஊர்ல எல்லாருக்கும் குடுக்குறாரு."

"எல்லாருக்குமா, பன்னெண்டு பேருக்கா?"

ஹம்ஃப்ரி வண்டிக்காரனோடு சேர்ந்து கல்லை இறக்கப் போய்விட்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். குளிர்காலம் வந்துகொண்டிருந்தது. ஏழு மாதமாகக் கூரை ஓட்டை வழியாகப் புகை போய்க்கொண்டிருந்த வீடு எங்களுடையது. கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டேன், கல் உள்ளே வர வேண்டுமே என்று. அன்றைக்கு மாலையே அதன் மேல் நெருப்பு மூட்டினோம்.

மன்றம் தேவாலயத்தில் கூடியது. தாமசின் தன் பேச்சைச் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷம் அணையவில்லை, கேட்டபோது கொடுத்தேன், கணப்பை இடித்தது நான் இல்லை. ஸ்ட்ரூட் மறுத்து எதுவும் பேசவில்லை. லண்டனிலிருந்து வரவழைத்திருந்த மனுவின் நகலை அவள் முன்னால் விரித்தார்.

"இது யாரோட குறி?"

அவள் குனிந்து பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், நகல்தானே. "என்னோடதுங்க அய்யா" என்றாள்.

"கோட்டைய அடியோட இடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கீங்க. கணப்பு மட்டும் அந்தரத்துல நிக்குமா? வேலைய விட்டது பண்ணை இல்ல, நீங்க."

"அப்ப எம் புள்ளைங்க செத்த நேரம்" என்றாள்.

பன்னிரண்டு பேரும் முன்மண்டபத்துக்குப் போனார்கள். ஒரு குவளை பீர் குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். ஹம்ஃப்ரி யார் முகத்தையும் பார்க்காமல் தேவாலயத் தரையைப் பார்த்துச் சொன்னான். "வழக்கப்படி, கணப்பு இல்ல. அதனால வீடும் இல்ல."

பெண்கள் கேட்காமல் மன்றத்தில் பேசக் கூடாது என்பது எங்கள் ஊர் முறை. அந்த முறைக்குப் பின்னால் நான் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

கத்பர்ட்டை வேலித் தட்டியில் கட்டி நான்கு பேர் தூக்கிப் போனார்கள், ஊர் ஓரத்தில் கதவில்லாத ஒரு வைக்கோல் கொட்டகைக்கு. அவன் வழியெல்லாம் கத்தினான். பட்ட காலிலே படும் என்பது சரிதான். பத்து நாளில் போய்ச் சேர்ந்தான். தாமசின் கொட்டகை மூலையில் நான்கு கல்லைச் சேர்த்து, சட்டியில் கொண்டு போயிருந்த அந்தத் தணலை அதுவரைக்கும் காப்பாற்றி வைத்திருந்தாள். அவனைப் புதைக்கப் போன அன்று பேய்மழை. திரும்பி வந்து பார்த்தபோது நெருப்பு அணைந்திருந்தது.

மறுநாள் காலை அவள் சட்டியோடு என் கடைக்கு வந்தாள். அந்த ஊரில் அவள் தணல் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. கொடுத்துத்தான் பழக்கம்.

"கொஞ்சம் நெருப்புக் குடுடி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், கணப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, முன்விளிம்பின் குழியில் விரலை வைத்தாள். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

"எப்ப வந்துச்சு இது?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. "மன்றத்துக்கு மொத நாளு" என்றேன்.

காறித் துப்புவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் இடுக்கியை எடுத்தாள். வலது பக்கம் கருகிப் புகைந்துகொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கம் அடுக்கினாள், ஒருமுறை ஊதினாள். நெருப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது.

"வெடிப்பு வழியா காத்து வரும்" என்றாள். "வலது பக்கம் நிக்காது. எடது பக்கம் தள்ளி வை."

எழுந்து சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சட்டி காலி. நான் தணலை வாரிக்கொண்டு பின்னாலேயே தெருவில் ஓடினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வேறு வீடுகளில் வாங்கிக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தணல் கேட்டால் மறுக்கிற வீடு கெல்டனில் கிடையாது. ஜனவரியில் ஆடு தேடப் போனவர்கள் அவள் கொட்டகையில் குளிரில் விறைத்துச் செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். நான்கு கல்லுக்கு நடுவே சாம்பலே இல்லை. சட்டி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. யார் வீட்டுக்கும் அவள் போகவில்லை என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. போகத்தான் எந்த வீடு இருந்தது? அந்த வருஷம் ஊரில் கோட்டைக் கல் இல்லாத கணப்பே இல்லை.